பொது அறையை முதலில் வரையுங்கள்



சென்ற ரஜப் மாதத்தில் ஓர் இரவு, சென்னையிலுள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்கு, மய்யித்தைக் குளிப்பாட்ட அழைக்கப்பட்டேன். வஃபாத் ஆகியிருந்தவர் எழுபது வயதைக் கடந்த ஒரு தாய். அவ்வீட்டின் குளியலறை நான்கடிக்கு ஐந்தடி. அதில் குளிப்பாட்டும் பலகையை வைக்க இடமில்லை. வரவேற்பறையின் சாமான்களை ஓரமாக நகர்த்தி, நடுவில் பலகையைப் போட்டோம். நான்கு பெண்கள் சுற்றிலும் போர்வைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் வெளியேற வழியில்லை. மருமகள் தரையில் அமர்ந்து பழந்துணிகளால் நீரை ஒற்றி ஒற்றி வாளியில் பிழிந்துகொண்டேயிருந்தார். அழுவதற்குக் கூட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

கஃபனிட்டு முடித்த பின் அடுத்த சிரமம் தொடங்கியது. சந்தூக் லிஃப்டில் நுழையவில்லை. மாடிப்படியின் திருப்பங்களில் அதைச் சாய்க்காமல் கொண்டுவரவும் இயலவில்லை. முடிவில் மகன்களும் பேரன்களும் அந்தத் தாயைப் போர்வையில் தாங்கி மூன்று மாடிகள் இறக்கி, இருசக்கர வாகனங்களுக்கு நடுவே வைத்திருந்த சந்தூக்கில் கிடத்தினார்கள். அதன் அருகிலேயே பூட்டிய ஓர் அறை இருந்தது. அது இருபத்துநான்கு வீடுகளுக்கும் பொதுவான சங்க அறையாம். உள்ளே பழைய பெயின்ட் டப்பாக்களும் உடைந்த நாற்காலிகளும் கிடப்பதாகச் சொன்னார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்பது அங்கிருந்த எவருக்கும் தெரியவில்லை.

இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அந்தத் தாய் எவ்விதக் குறையுமின்றி அடக்கம் செய்யப்பட்டார். ஆயினும் அன்றிரவு முதல் அந்தப் பூட்டிய அறை என் நினைவை விட்டு அகலவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மதரஸாவில் பயிலும் பிள்ளைகளின் குடும்பங்களில் பதினொன்று சேர்ந்து, புறநகரில் ஒரு மனையை வாங்கியிருக்கின்றன. தனித்தனி வீடுகளும், எல்லோரும் சேர்ந்து பயன்படுத்தும் சில அறைகளும் கொண்ட ஒரு கூட்டுக் குடியிருப்பைக் கட்டுவது அவர்களின் நிய்யத். பெண் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துபவள் என்ற முறையில் என்னிடமும் வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதை, இத்தகைய எண்ணமுள்ள மற்றக் குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அந்த வரைபடத்தில் ஒவ்வொரு வீடும் 1,250 சதுர அடி. மூன்று படுக்கையறைகள், அவற்றில் ஒன்று விருந்தினருக்கு. கீழ்த்தளத்தின் முன்புறத்தில் ஆண்களுக்கு ஒரு தொழுகை அறை. பின்புறத்தில், மோட்டார் அறைக்கும் மாடிப்படிக்கும் இடையில் எஞ்சிய முக்கோண வடிவ இடத்தில் “பெண்கள் அறை” என்று எழுதப்பட்டிருந்தது. அதற்கு ஜன்னல் இல்லை. வீடுகளையெல்லாம் வரைந்து முடித்த பின் மிஞ்சியதைப் பொது இடம் என்று பெயரிட்டிருந்தார்கள். நான் சொன்னது ஒன்றுதான்: இந்த வரிசையை மாற்றுங்கள். பொது அறையை முதலில் வரையுங்கள். வீடுகளை அதன்பின் வரையுங்கள்.

இது புதிய கருத்தல்ல

கூட்டுக் குடியிருப்பு என்னும் இம்முறை இன்றைய வடிவில் டென்மார்க்கில் தோன்றியது. 1960களின் பிற்பகுதியில் யான் குட்மன் ஹோயர் என்ற கட்டடக் கலைஞரும், ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்று 1967இல் எழுதிய போடில் க்ரோ என்ற பெண்மணியும் இச்சிந்தனைக்கு வித்திட்டார்கள். 1972இல் ஹில்லரோட் நகருக்கு அருகில் இருபத்தேழு வீடுகளுடன் முதல் குடியிருப்பு எழுந்தது. அமெரிக்காவில் 1991இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் இம்முறையிலான முதல் குடியிருப்பு கட்டப்பட்டது. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. ஒவ்வொரு குடும்பத்துக்கும் சமையலறையுடன் கூடிய முழுமையான தனி வீடு இருக்கும். அத்துடன், பெரிய சமையலறை, உணவுக்கூடம், குழந்தைகள் அறை, விருந்தினர் அறை ஆகியவை அடங்கிய ஒரு பொது இல்லமும் இருக்கும். பொது இல்லம் இருப்பதால் தனி வீடுகள் சற்றுச் சிறியவையாக இருக்கலாம்.

இதைக் கேட்டு நம்மில் சிலர், “இது மேற்கத்தியப் பழக்கம், நமக்கு எதற்கு?” என்று கேட்கலாம். மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் இல்லங்கள் எப்படி அமைந்திருந்தன என்பதை எண்ணிப் பாருங்கள். அன்னையர் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு அறை. அவ்வறைகள் பள்ளிவாசலை ஒட்டியே இருந்தன. அதே பள்ளிவாசலின் ஓரத்தில், வீடற்ற தோழர்கள் தங்கும் திண்ணையும் இருந்தது. தனியிடம் சிறியதாகவும், எல்லோரும் கூடும் இடம் பெரியதாகவும் இருந்தது.

நம் கடற்கரை ஊர்களுக்கும் இது புதிதல்ல. காயல்பட்டினத்தில் பெண்கள் பெருந்தெருவுக்கு வராமலேயே ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்குச் செல்ல முடுக்குகள் உண்டு. பெண்களுக்கென்றே தனித் தைக்காக்கள் உண்டு. வீடு மகளுக்கு என்னும் வழக்கத்தால் சகோதரிகள் அருகருகே வாழ்கிறார்கள். பெண்கள் ஒருவரையொருவர் சந்திப்பதற்கும், நோயுற்றவரைப் பார்ப்பதற்கும், பிள்ளை பெற்றவளுக்கு உதவுவதற்கும் அந்த ஊர்களின் கட்டட அமைப்பே வழி செய்தது. நகரத்து அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது பர்தாவை நம்முடன் எடுத்து வந்தோம். முடுக்கை எடுத்து வரவில்லை. அதனால்தான் பல வீடுகளில் நம் தாய்மார்கள் காலை முதல் மாலை வரை ஒரு மனித முகத்தையும் காணாமல் இருக்கிறார்கள்.

பழைய கூட்டுக் குடும்பத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. நாற்பது பேருக்குச் சமைத்துவிட்டுக் கடைசியாகச் சட்டியைச் சுரண்டிச் சாப்பிட்ட மருமகள்களின் கண்ணீரும் அந்த வீடுகளில் இருந்தது. அந்த வாழ்வின் நன்மையை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் அநீதியை விட்டுவிட வேண்டுமாயின், அதற்குக் கவனமான திட்டம் வேண்டும்.

மூன்று விதக் கதவுகள்

பதினொரு குடும்பங்களின் கூட்டத்தில் எழுந்த முதல் அச்சம் ஹிஜாபைப் பற்றியது. பொது அறை என்றால் அந்நிய ஆண்களும் பெண்களும் கலந்துவிட மாட்டார்களா? இரண்டாவது அச்சம் புறம் பேசுதல். இவை நியாயமான அச்சங்களே. இவற்றைப் புறந்தள்ளுபவர்கள் நல்ல குடியிருப்பை அமைக்க முடியாது.

ஆனால் அல்லாஹ்வின் வேதம் இதற்குத் தெளிவான ஒழுங்கைக் கற்றுத் தந்திருக்கிறது. பிறர் வீட்டில் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லாமல் நுழையக் கூடாது (24:27). அதற்கு இரண்டு வசனங்கள் கழித்து, எவரும் குடியிராத, உங்களுக்குப் பயனுள்ள பொருள் இருக்கும் இடங்களில் நுழைவது குற்றமில்லை என்றும் கூறப்பட்டுள்ளது (24:29). தஃப்ஸீர் ஆசிரியர்கள் இதற்கு வழிப்போக்கர் விடுதிகளையும் கடைகளையும் உதாரணமாகக் காட்டுகிறார்கள். பின்னர், வீட்டுக்குள்ளேயே பிள்ளைகளும் பணியாளர்களும் அனுமதி கேட்க வேண்டிய மூன்று நேரங்கள் சொல்லப்படுகின்றன: ஃபஜ்ருக்கு முன், நண்பகலில் ஓய்வெடுக்கும்போது, இஷாவுக்குப் பின் (24:58). ஆக, எவரும் நுழையும் இடம், அனுமதியுடன் நுழையும் இடம், வீட்டாரும் நேரமறிந்து நுழையும் இடம் என மூன்று நிலைகள் இருக்கின்றன.

கட்டடத்திலும் இம்மூன்று நிலைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும். பொது உணவுக்கூடத்தின் கதவு திறந்தே இருக்கலாம். பெண்கள் அறைக்கு முன்னால் ஒரு சிறு நடை இருந்து, அந்த நடை ஒருமுறை திரும்பினால், கதவு திறந்தாலும் வெளியில் நிற்பவர் உள்ளே காண முடியாது. வீட்டு வாசல்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிராக இருக்கக் கூடாது. சற்று விலகியிருக்க வேண்டும். அனுமதி கேட்டல் என்பது பார்வையின் பொருட்டே விதிக்கப்பட்டது என்ற கருத்தில் நபிமொழி இருக்கிறது (புகாரி, முஸ்லிம்). பார்வையைக் காக்கும் பொறுப்பில் பாதியைச் சுவர் ஏற்றுக்கொண்டால், மறுபாதியை மனிதர்கள் ஏற்றுக்கொள்வது எளிதாகும். இந்த ஒழுங்கு இல்லாத இடத்தில்தான் பெண்கள் தங்கள் வீட்டுக் கதவையே இறுகச் சாத்திக்கொண்டு வாழ நேர்கிறது.

அறை எங்கே இருக்க வேண்டும்?

பொது அறை கட்டடத்தின் மூலையிலோ மொட்டைமாடியிலோ இருந்தால், அங்கே போவதற்கென்று தனியாக ஒரு காரணம் வேண்டும். நாளடைவில் பூட்டுத் தொங்கும். வாசற்கதவுக்கும் மாடிப்படிக்கும் இடையே, தினமும் எல்லோரும் கடந்து செல்லும் பாதையில் அது இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து பேரனை அழைத்து வரும் பாட்டி, உள்ளே விளக்கெரிவதைக் கண்டு ஐந்து நிமிடம் அமர்ந்து செல்ல வேண்டும். நுழைவதற்கு முன் உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் கூச்ச சுபாவமுள்ளவர்கள் வருவார்கள். உணவுக்கூடத்துக்குச் சாதாரண ஜன்னலும், பெண்கள் அறைக்கு ஜாலி வைத்த ஜன்னலும் பொருந்தும். ஜாலியின் வழியே உள்ளிருப்பவர் வெளியே காணலாம். பகலில் வெளியிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது.

கூடத்தின் ஓசையை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வழவழப்பான டைல்ஸ் தரை, வெறும் கான்கிரீட் கூரை, கண்ணாடி ஆகிய மூன்றும் சேர்ந்த கூடத்தில் இருபது பேர் பேசினால் அருகிலிருப்பவர் சொல்வதும் கேட்காது. செவித்திறன் குறைந்த முதியவர்கள் முதலில் வருவதை நிறுத்திவிடுவார்கள். தடித்த திரைச்சீலைகள், கோரைப் பாய்கள், துணி உறையிட்ட திண்டுகள், கூரையில் ஒலியை ஈர்க்கும் பலகைகள் ஆகியவற்றுக்குச் சிறிது செலவு செய்தால் அவர்களும் வந்து அமர்வார்கள்.

சமையலும் பாத்திரமும்

சேர்ந்து உண்பதும் தனித்தனியே உண்பதும் குற்றமில்லை என்று குர்ஆன் கூறுகிறது (24:61). இரண்டுக்கும் இடமளிக்கும் இந்த அனுமதியைக் கட்டாயமாக்கிவிடக் கூடாது. பொது விருந்து வாரத்தில் ஒருநாள் அல்லது இருநாள் போதும். வர விரும்பாதவரிடம் காரணம் கேட்கக் கூடாது. போரிலோ ஊரிலோ உணவு குறைந்தபோது, தம்மிடமிருந்ததையெல்லாம் ஒரே துணியில் சேர்த்துச் சமமாகப் பங்கிட்டுக்கொண்ட அஷ்அரீ குலத்தாரை நபி (ஸல்) அவர்கள் தம்மைச் சேர்ந்தவர்கள் என்று பாராட்டினார்கள் (புகாரி, முஸ்லிம்). நம் சஹன் சாப்பாட்டிலும், ரமளானின் நோன்புக் கஞ்சியிலும் அந்த மணம் இன்னும் இருக்கிறது.

ஆனால் கஞ்சிச் சட்டியைக் கழுவுவது யார்? இக்கேள்விக்கு விடை இல்லாத பொதுச் சமையலறை, பதினொரு பெண்களுக்கு இரண்டாவது அடுப்படியாகிவிடும். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் தம் குடும்பத்தாரின் பணியில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது நாம் அறிந்ததே (புகாரி). எனவே முறைப்பட்டியலில் ஆண்களின் பெயரும் இருக்க வேண்டும். சமையலறையின் அமைப்பும் இதற்கு உதவ வேண்டும். பாத்திரம் கழுவும் தொட்டி கூடத்தின் ஓரத்தில், தனி வாயிலுடன் இருந்தால், பெண்கள் சமையலறையை விட்டு வெளியேறிய பின் ஆண்கள் வந்து கழுவி அடுக்கலாம். இரண்டு தொட்டிகளும், உயரமான குழாயும், பெரிய தேக்சாவை உருட்டிக்கொண்டு வரும் அளவுக்கு வழியும் வேண்டும். வசதியில்லாத இடத்தில் உதவி கேட்பது வீண்.

பெண்கள் அறை

இனி அந்த முக்கோண அறைக்கு வருகிறேன். வீட்டிலும் குடியிருப்பிலும் அதிக நேரம் இருப்பவர்கள் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களுமே. தொழிலுக்குச் செல்லும் ஆண்கள் அந்தக் கட்டடத்தில் விழித்திருக்கும் நேரம் குறைவு. அப்படியிருக்க, காற்றும் வெளிச்சமும் மிகுந்த முன்புறம் யாருக்கு உரியது?

உஹதுப் போரில் கணவரை இழந்த பெண்களைப் பற்றி முஜாஹித் (ரஹ்) வழியாக ஓர் அறிவிப்பு வருகிறது. அது முர்ஸலான அறிவிப்பு; எனினும் இத்தாவின் சட்டங்களைப் பேசும் அறிஞர்கள் அதை எடுத்தாண்டிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் வசித்த அப்பெண்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, இரவில் தனிமை தங்களை வாட்டுவதாகவும், ஒருவர் வீட்டில் சேர்ந்து தங்கிக்கொள்ளலாமா என்றும் கேட்டார்கள். விரும்பும்வரை ஒருவர் வீட்டில் கூடிப் பேசிக்கொண்டிருங்கள். உறங்கும் நேரம் வந்ததும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள் என்ற கருத்தில் அவர்கள் வழிகாட்டினார்கள்.

இந்த அறிவிப்பைப் பாடத்தில் சொல்லும்போதெல்லாம் நான் சற்று நிறுத்திவிடுவேன். விதவையின் தனிமை ஒரு சிறிய விஷயமென்று அங்கே ஒதுக்கப்படவில்லை. இத்தாவின் ஒழுங்கும் காக்கப்பட்டது. அவர்களின் துக்கத்துக்கும் வழி செய்யப்பட்டது. இன்று நான்கு மாதமும் பத்து நாட்களும் ஓர் அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையில் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளை நான் அறிவேன். தெருவில் இறங்காமல், அந்நியரின் பார்வை படாமல், அதே கட்டடத்துக்குள் நான்கு பெண்களுடன் அமர்ந்து பேசிவிட்டுத் தன் வீட்டுக்குத் திரும்ப ஓர் அறை இருந்தால், அது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல்! இத்தாவில் இருப்பவர் எப்போது, எதற்காக வீட்டை விட்டு வரலாம் என்பதில் மத்ஹபுகளின் விளக்கங்கள் உள்ளன. அதைத் தம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளட்டும். ஆனால் அறையே இல்லாத இடத்தில் அந்தக் கேள்விக்கே வாய்ப்பில்லை.

அங்கே புறம் பேசுவார்கள் என்கிறார்கள். பேசக் கூடும். ஆனால் இன்று அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கைப்பேசியில் பேசப்படும் புறத்தை எந்தச் சுவர் தடுக்கிறது? மாலையில் ஒரு குர்ஆன் வகுப்பும், தையல் இயந்திரமும், ஓர் அலமாரி நிறைய நூல்களும் இருந்தால், பேசுவதற்கு வேறு செய்திகளும் கிடைக்கும்.

தொழுகை அறை பள்ளிவாசலன்று

தொழுகை அறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அதைப் பள்ளிவாசல் என்று வக்ஃபு செய்துவிட வேண்டாம். பள்ளிவாசலாக வக்ஃபு செய்யப்பட்ட இடத்தை விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுகள் பங்கிடவோ இயலாது. அங்கே பள்ளிவாசலுக்குரிய சட்டங்கள் யாவும் வந்துவிடும்; மாதவிடாயிலுள்ள பெண்கள் தங்கியிருக்க இயலாது. பொதுச் சொத்தாகவே இருக்கும் முஸல்லாவுக்கு இச்சட்டங்கள் பொருந்தா. அங்கே தொழலாம், பாடம் நடத்தலாம், நிக்காஹ் ஆலோசனைக்கு அமரலாம். அதேவேளை, ஆண்கள் அங்கே இஃதிகாஃப் இருக்க இயலாது. ஜும்ஆவுக்கும், இயன்றவரை ஐவேளை ஜமாஅத்துக்கும் மஹல்லாப் பள்ளிக்கே செல்ல வேண்டும். கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது என்பதற்காக மஹல்லாவின் முதல் ஸஃப்பு குறைந்துவிடக் கூடாது.

ஒளூச் செய்யும் இடத்தில் முதியோர் அமர்ந்து கால் கழுவத் தக்க உயரத்தில் திண்டும், பிடித்து எழுவதற்குக் கைப்பிடியும், வழுக்காத தரையும் வேண்டும். சக்கர நாற்காலி செல்ல எல்லாக் கதவுகளும் மூன்றடிக்குக் குறையாமல் இருக்கட்டும். குழந்தைகள் விளையாடும் மூலை, பெண்கள் அமரும் இடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனால் இடையில் கதவு இருக்க வேண்டும். குழந்தையின் கூச்சலும் முதியவரின் அமைதியும் ஒரே சுவருக்குள் நெடுநேரம் தாங்காது.

கடைசிக் குளிப்புக்கு ஓர் அறை

நான் வலியுறுத்திக் கேட்டது கீழ்த்தளத்தில் ஒரு நீர்ப் புழக்க அறை. தரையில் நல்ல சரிவும் வடிகாலும், வெந்நீர்க் குழாயும், நாற்புறமும் சுற்றி நிற்க இடமும், நான்கடி அகல இரட்டைக் கதவும், அங்கிருந்து வாசல் வரை திருப்பமில்லாத பாதையும் வேண்டும். மற்ற நாட்களில் அதில் துணி துவைக்கலாம், குர்பானி நாளில் பாத்திரங்கள் கழுவலாம். ஒருநாள் அதே அறையில் நம் தாயை, நம்மை, கண்ணியமாகக் குளிப்பாட்டுவார்கள். மேல்மாடியில் வஃபாத் ஆனவரைக் கீழே கொண்டுவரப் படிக்கட்டின் திருப்பங்களையும் போதிய அகலமாக அமைக்கும்படி சொன்னேன். கூட்டத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். புது வீட்டுக்கு வரைபடம் போடும்போது மவுத்தைப் பேசலாமா என்றார் ஒருவர். மவுத்தை அதிகம் நினைவுகூரும்படி கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். கட்டடம் கட்டும்போது மட்டும் மறந்துவிடலாமா?

வாசலருகே உள்ள பொதுக்கூடத்தை அண்டை வீட்டாருக்கும் திறந்து வையுங்கள். அவர்கள் எம்மதத்தவராயினும் சரி. வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, யூத அண்டைவீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்றே முதலில் கேட்டார் அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) (அபூதாவூத், திர்மிதி). நகரங்களில் முஸ்லிம் என்பதற்காக வாடகை வீடு மறுக்கப்பட்ட வலி நம்மில் பலருக்கு உண்டு. அந்த வலியினாலேயே மதில் உயர்த்தி உள்ளே ஒடுங்கிவிடத் தோன்றும். நமக்கு மூடப்பட்ட கதவுக்குப் பதிலாக நாம் இன்னொரு கதவை மூடக் கூடாது.

பீரோவை எங்கே வைப்பது?

இத்தனைக்கும் இடம் எங்கே என்று கேட்டார்கள். கணக்கு எளிது. ஒவ்வொரு வீட்டிலும் 80 சதுர அடி குறைத்தால் பதினொரு வீடுகளுக்கு 880 சதுர அடி கிடைக்கும். சமையலறையுடன் உணவுக்கூடம் 400, பெண்கள் அறை 220, நீர்ப் புழக்க அறை 140, விருந்தினர் அறை 120. கூடத்தில் பாய் விரித்தால் முப்பது பேர் அமரலாம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இரு பந்திகள். “உஸ்தாதா, எண்பது அடி குறைந்தால் பீரோவை எங்கே வைப்பது?” என்று ஒரு சகோதரர் கேட்டார். பெருநாளுக்கும் கல்யாணத்துக்கும் மட்டுமே திறக்கப்படும் பதினொரு விருந்தினர் அறைகள் வரைபடத்தில் இருப்பதைக் காட்டினேன். பொது விருந்தினர் அறை ஒன்று இருந்தால், அந்தப் பதினொன்றில் ஒன்றேனும் பீரோவுக்குப் போதும். எல்லோர் வீட்டுக்கும் ஒரே நாளில் விருந்தினர் வந்தால் என்ன செய்வது என்றார். அன்று சிரமம்தான், மறுப்பதற்கில்லை. ஆண்டில் அத்தகைய இரண்டு நாட்களுக்காக, மற்ற நாட்கள் முழுவதையும் இழக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

கடைசியாக, எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன வசனம் (2:282) நம் எல்லோருக்கும் தெரியும். உறவினரிடையே எழுத மட்டும் வெட்கப்படுகிறோம். மனையில் பிரிக்கப்படாத பங்கு ஒவ்வொருவருக்கும் எவ்வளவு, பொது அறையின் மின்கட்டணத்தை யார் கட்டுவது, சாவி யார் யாரிடம் இருக்கும், இரவு எத்தனை மணிக்கு விளக்கணைப்பது, ஒருவர் வஃபாத் ஆனால் வாரிசுகளின் உரிமை என்ன என்பவை ஆவணத்தில் இடம்பெற வேண்டும். ஒருவர் விற்க விரும்பினால் முதலில் பங்காளிகளிடம் சொல்ல வேண்டும். பிரிக்கப்படாத சொத்தில் பங்காளிக்கு ஷுஃப்ஆ என்னும் முன்னுரிமை உண்டென்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஜாபிர் (ரலி) அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). ஆலோசனைக் கூட்டத்தில் பெண்களும் அமர்ந்து கருத்துச் சொல்ல வேண்டும். அந்த முக்கோண அறையை வரைந்தவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். வரையும்போது அருகில் ஒரு பெண்ணும் இல்லை, அவ்வளவே.

பதினொரு குடும்பங்களும் இன்னும் முடிவெடுக்கவில்லை. இரண்டு குடும்பங்கள் விலகிக்கொள்ளவும் கூடும். அவர்கள் மீது எவரும் வருத்தப்படக் கூடாது. ஆனால் சென்ற வாரம் வந்த புதிய வரைபடத்தில் பெண்கள் அறை முன்புறத்துக்கு வந்திருந்தது. கிழக்கிலும் தெற்கிலும் இரண்டு ஜன்னல்கள் இருந்தன. நீர்ப் புழக்க அறையின் கதவு மூன்றடி என்று குறிக்கப்பட்டிருந்தது. நான்கடியாக மாற்றித் தாருங்கள் என்று பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அண்டைவீட்டாருக்கு வாரிசுரிமையே கொடுக்கப்பட்டுவிடுமோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய கடமையை, நம் சுவர்களும் கதவுகளும் நிறைவேற்ற உதவட்டும். நம் வீடுகளையும், வீடுகளுக்கு இடையிலுள்ள இடங்களையும் வல்ல ரஹ்மான் பரக்கத் நிறைந்தவையாக ஆக்குவானாக! ஆமீன்.